கணக்கில் தெரியும் பணமும் எடுக்க முடிகிற பணமும்

வங்கிச் செயலியில் கணக்கைத் திறந்தால் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று கணக்கில் பதிவாகியிருக்கும் மொத்த இருப்பு. மற்றது இந்த நிமிடம் எடுக்க முடிகிற இருப்பு, அதாவது அவைலபிள் பேலன்ஸ். மாதத்தில் பெரும்பாலான நாட்கள் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இரண்டும் பிரிகிற நாள் ஒன்று வரும். பெரும்பாலும் அன்றைக்குத்தான் யாருக்காவது கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்கள், மளிகை மொத்த வியாபாரிகள், ஜவ்வரிசி ஆலை நடத்துபவர்கள், ஏற்காட்டில் காப்பியும் மிளகும் போட்டிருக்கும் சிறு தோட்டக்காரர்கள் என்று பலருடைய பாஸ்புக்குகள் என் மேசைக்கு வந்து போகும். "பேலன்ஸ் இருக்குதுங்க மேடம், ஆனா எடுக்க முடியலைங்க" என்பதுதான் நான் அதிகம் கேட்கிற வாக்கியம். சொல்கிறவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருக்கும். தன் பணத்தைத் தானே எடுக்க முடியாமல் நிற்பதற்குக் காரணம் தெரியாதபோது மனிதர்கள் தங்கள் மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத் தினமும் செய்தியில் சொல்கிறார்கள். 120 அடியில் இத்தனை அடி என்கிறார்கள். அந்த நீர் முழுவதையும் பாசனத்துக்குத் திறந்துவிட முடியாது என்பது சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். குடிநீருக்கு என்று ஒரு பங்கை நிறுத்தி வைத்தாக வேண்டும். வங்கி இருப்பும் இப்படித்தான். மொத்த இருப்பில் வேறு யாராவது கை வைத்துப் பிடித்திருக்கும் தொகையையும், இன்னும் உறுதியாகாத வரவையும் கழித்தால் மிஞ்சுவதுதான் எடுக்க முடிகிற இருப்பு.

எண்ணிலேயே பார்த்துவிடலாம். ஒரு கொலுசுப் பட்டறைக்காரரின் கணக்கில் 1,80,000 ரூபாய் தெரிகிறது என்று வையுங்கள். அதில் 70,000 இன்று காலை போட்ட செக். இன்னும் பாஸ் ஆகவில்லை. 12,000 ரூபாயை ஏதோ ஒரு காரணத்துக்காக வங்கி நிறுத்தி வைத்திருக்கிறது. ஆக, எடுக்க முடிகிற இருப்பு 98,000. வங்கி சொல்வது இவ்வளவுதான். ஆனால் அவர் நேற்று வெள்ளி வியாபாரிக்கு 65,000 ரூபாய்க்கு ஒரு செக் கொடுத்திருக்கிறார். அது இன்னும் வங்கிக்கு வரவில்லை. 5-ஆம் தேதி வண்டிக் கடனுக்கு 18,500 போகும். இரண்டையும் கழித்தால் அவர் தைரியமாகச் செலவு செய்யக்கூடியது 14,500 மட்டும். திரையில் இருப்பது 98,000. இந்த 14,500 எந்தச் செயலியிலும் தெரியாது. நான் சொல்ல வருவதெல்லாம் இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

முதலில் செக் விஷயம். ஒரு காலத்தில் சேலத்திலிருந்து வடக்கே ஜவ்வரிசி அனுப்பினால், அதற்கு வரும் வெளியூர் செக் தபாலில் போய்த் திரும்பி, காசாக மாற வாரக்கணக்கில் ஆகும். இப்போது செக் என்ற காகிதம் பயணம் செய்வதே இல்லை. போட்ட வங்கியிலேயே அது தங்கிவிடும். அதன் படம் மட்டும்தான் அடுத்த வங்கிக்குப் போகிறது. 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி இன்னும் ஒரு படி போயிருக்கிறது. காலையிலிருந்து பிற்பகல் வரை வாங்கும் செக்குகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைக்காமல் உடனுக்குடன் அனுப்புகிறார்கள். பணம் கொடுக்க வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் சரி என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

நல்ல மாற்றம். முன்பெல்லாம் இன்று போட்டால் நாளைதான். இருந்தாலும் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாம் டிராப் பாக்ஸில் போட்ட நேரத்துக்கு இதில் மதிப்பு இல்லை. வங்கி அதை ஸ்கேன் செய்து அனுப்பிய நேரம்தான் கணக்கு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பெட்டியில் விழுந்த செக் அன்றைய கிளியரிங்கில், அதாவது வங்கிகள் தங்களுக்குள் செக்கை அனுப்பிப் பணமாக்கும் சுற்றில், போகாது. மறுநாள் மாதத்தின் இரண்டாவது சனியோ நான்காவது சனியோ என்றால் வங்கி விடுமுறை. ஆக, திங்கட்கிழமை.

ஏற்காட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நவம்பர், டிசம்பரில் ஆரம்பித்துப் பிப்ரவரி வரைக்கும் காப்பிப் பழம் பறிப்பு. ஆள் கிடைப்பதே பாடு. வந்தவர்களுக்கு வாரக் கடைசியில் கூலியைக் கையில் கொடுத்தால்தான் அடுத்த வாரமும் வருவார்கள். காப்பி வாங்கிய வியாபாரி கீழே சேலத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானம் செக் கொடுப்பார். அதை எடுத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய்ச் சேரும்போது அன்றைய கிளியரிங் நேரம் தாண்டியிருக்கும். செயலியில் அந்தத் தொகை வரவாகக்கூடத் தெரியலாம். சில வங்கிகள் பாஸ் ஆகாத செக்கையும் மொத்த இருப்பில் சேர்த்துக் காட்டிவிடுகின்றன. சனிக்கிழமை ஏடிஎம் வாசலில் போய் நின்றால் போதிய இருப்பு இல்லை என்று துண்டுச் சீட்டு வரும். இப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பறிப்புக் காலத்தில் வியாபாரியிடம் செக் வேண்டாம், நெஃப்ட், அதாவது கணக்கிலிருந்து கணக்குக்கு நேரடியாகப் பணம் போடச் சொல்லுங்கள். 2019 டிசம்பர் முதல் நெஃப்ட் எல்லா நாளும் எல்லா நேரமும் இயங்குகிறது. இரண்டு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஆர்டிஜிஎஸ். அதுவும் 2020 டிசம்பரிலிருந்து அப்படித்தான். கிளியரிங்குக்கு விடுமுறை உண்டு, இவற்றுக்குக் கிடையாது.

அடுத்தது நிறுத்தி வைப்பு. வங்கிக்காரர்கள் லியன் என்பார்கள். கணக்கில் பணம் இருக்கும், வட்டியும் சேரும், ஆனால் தொட முடியாது. பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தால், ஒதுக்கீடு முடியும் வரை அந்தத் தொகையை இப்படித்தான் நிறுத்தி வைப்பார்கள். கடன் பாக்கிக்காக வைக்கலாம், வரித் துறை கேட்டு வைக்கலாம். இவை எல்லாம் ஓரளவு எதிர்பார்த்தவை. காரணம் நமக்கே தெரிந்திருக்கும்.

எதிர்பாராமல் வருவது சைபர் குற்றப் புகாரால் விழும் லியன். இதைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். ஏற்காடு ஏரிப் பக்கம் மிளகு, கிராம்பு, காப்பித் தூள் விற்கிற ஒரு பெண்மணியின் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். கடையில் ஒரு கியூஆர் அட்டை. சுற்றுலா வருகிறவர்கள் ஸ்கேன் செய்து பணம் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு நாள் எடுக்க முடிகிற இருப்பு திடீரென்று பூஜ்யம். மொத்த இருப்பு அப்படியே இருக்கிறது. கிளையில் போய்க் கேட்டால், வேறு மாநிலத்துக் காவல் துறையிலிருந்து உத்தரவு, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரே பதில். "நான் யாரையும் ஏமாத்தலைங்களே அக்கா" என்று அவர் என்னிடம் அழுதார். ஏமாற்றவில்லைதான். நடந்தது வேறு.

எங்கோ ஒருவர் மோசடியில் பணத்தை இழந்து 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்கிறார். அந்தப் பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று வங்கிகள் படிப்படியாகத் தடம் பிடிக்கின்றன. தடம் போகிற கணக்குகளில் எல்லாம் நிறுத்தி வைப்பு விழுகிறது. மோசடிப் பணத்தைக் கையில் வைத்திருந்த ஆள் ஊர் சுற்ற வந்து நானூறு ரூபாய்க்கு மிளகு வாங்கியிருந்தால், மிளகு விற்றவர் கணக்கும் அந்தப் பட்டியலில் வந்துவிடும். புகார் கொடுத்தவருக்குப் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வேகமாக நிறுத்தினால்தான் பணம் தப்பாது. ஆனால் நானூறு ரூபாய்க்காக ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பையும் முடக்குவது அநியாயம். நீதிமன்றங்களும் இதைச் சொல்லியிருக்கின்றன. 2023-இல் கேரள உயர் நீதிமன்றம், சந்தேகத்துக்குரிய தொகையோடு முடக்கத்தை நிறுத்திக்கொள்ளச் சொன்னது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும், தொகை எவ்வளவு என்று குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்ற நிலையை எடுத்தது.

அந்தப் பெண்மணிக்காகச் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். கிளையில் வாய்மொழியாகக் கேட்பதை நிறுத்திவிட்டு எழுத்தில் கேட்டோம். நிறுத்தி வைத்த தொகை எவ்வளவு, எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண் என்ன, சந்தேகப்படும் பரிவர்த்தனை எந்தத் தேதியில் வந்தது என்று நான்கு கேள்விகள். பதில் வர நாளானது, ஆனால் வந்தது. அதை வைத்து அந்தக் காவல் நிலையத்துக்குக் கடையின் படம், உரிமச் சான்று, அந்த நாளின் விற்பனைக் குறிப்பு, கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்பினோம். முழு முடக்கம் நீங்கி, சந்தேகத் தொகை மட்டும் லியனில் நின்றது. அன்றே எடுக்க முடிகிற இருப்பு பழையபடி வந்துவிட்டது. நடுவில் கடைச் சரக்குக்கு வாங்கிய கடனுக்கு அவர் கட்டிய வட்டியை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை.

அப்புறம் மாதத் தவணை. அம்மாபேட்டைப் பக்கம் தறி வைத்திருப்பவர்கள், குழுக் கடன் வாங்கியவர்கள், பைக் கடன் கட்டுபவர்கள் எல்லோருக்கும் 5-ஆம் தேதியோ 10-ஆம் தேதியோ ஆட்டோ டெபிட் இருக்கும், அதாவது தவணை கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கப்படும். முன்பு அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்கட்கிழமைதான் பணம் எடுப்பார்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல் அந்த முறை மாறிவிட்டது. தவணை பிடிக்கும் அமைப்பு ஞாயிறும் பண்டிகையும் பார்க்காமல் ஓடுகிறது. செக் பாஸ் ஆவது மட்டும் வேலை நாளில்தான். இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். செக்கை நம்பியிருப்பவருக்கு வரவு வேலை நாளில் மட்டும் வருகிறது, செலவு எல்லா நாளும் போகிறது. தீபாவளி வாரம், பொங்கல் வாரம் என்று தொடர் விடுமுறை வரும்போது சின்ன வியாபாரிகளின் தவணை இருப்பு போதாமல் திரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது நான் பாஸ்புக்குகளில் பார்த்தது.

தவணை ஒரு முறை திரும்பினால் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்த நிறுவனம் ஒரு கட்டணம் போடும். இருநூறு ரூபாய் குறைந்ததற்கு ஆயிரத்தை ஒட்டிப் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். பணத்தை முந்தின நாள் மாலையே கணக்கில் வைத்துவிடுங்கள். பல நேரம் தவணை காலையிலேயே வந்துவிடும். வாங்கும் கடனுக்குத் தேதியை நீங்களே தேர்ந்தெடுக்க முடியுமா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். பட்டறையில் பணம் 8-ஆம் தேதி வாக்கில்தான் வரும் என்றால் 5-ஆம் தேதிக்கு ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

கட்டணம் பாக்கி இருக்கும் கணக்கில் இன்னொரு கொடுமை உண்டு. இருப்பு இல்லாதபோது பிடிக்க முடியாமல் விட்ட கட்டணத்தைச் சில வங்கிகள் குறித்து வைத்திருக்கும். அடுத்து என்ன பணம் வந்தாலும் முதலில் அதை எடுத்துக்கொள்ளும். 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது தமிழ்நாடு முழுக்க இது வெளிச்சத்துக்கு வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்று காத்திருந்த பெண்களில் பலருக்கு, பழைய மினிமம் பேலன்ஸ் பாக்கி போக மிச்சம்தான் கிடைத்தது. அரசாங்கமே வங்கிகளிடம் அப்படிப் பிடிக்கக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் ஒரு அம்மா பாஸ்புக்கை நீட்டி, "ஆயிரம் வந்துச்சுனு மெசேஜ் வந்ததும்மா, எடுக்கப் போனா அவ்ளோ இல்லைங்கறாங்க" என்றார். மெசேஜ் பொய் சொல்லவில்லை. வரவும் உண்மை, பிடித்தமும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதைச் சொல்லாமல் விட்டதுதான் தவறு.

மினிமம் பேலன்ஸ் பற்றி விதிகள் நம் பக்கம் கொஞ்சம் இருக்கின்றன, தெரிந்துகொள்ளுங்கள். மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது. 2015 ஏப்ரல் முதல் இதுதான் ரிசர்வ் வங்கியின் விதி. எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்ற அளவில்தான் கட்டணமும் இருக்க வேண்டும். பாரத ஸ்டேட் வங்கி 2020-இலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தை எடுத்துவிட்டது. கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-இல் எடுத்தன. உங்கள் வங்கியில் இன்னும் இருந்தால், அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கலாம். அதற்கு மினிமம் பேலன்ஸே கிடையாது. கணக்கில் இவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் மாதச் சராசரியைப் பற்றியது என்பதால், எடுக்க முடிகிற இருப்பில் அது கழிந்து தெரியாது. கடைசி ரூபாய் வரை எடுக்கவும் விடுவார்கள். அபராதம் பிறகு வரும். அதனால்தான் அது கண்ணுக்குத் தெரியாத குழி.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துபோவது மலையில் அடிக்கடி நடக்கும். மழைக் காலத்தில் மின்சாரமும் சிக்னலும் போய்ப் போய் வரும். பதற வேண்டாம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின்படி, ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஒருவருக்கு ஒருவர் அனுப்பும் யூபிஐயில் நம் கணக்கில் கழிந்து அங்கே சேராமல் போனால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும், அதற்கும் அதே 100 ரூபாய்தான். இதற்கு நாம் விண்ணப்பம்கூடப் போட வேண்டியதில்லை என்பதுதான் விதி. ஆனால் அந்த ஐந்து நாளும் எடுக்க முடிகிற இருப்பில் அந்தத் தொகை இருக்காது என்பதை நினைவில் வைத்து மற்ற செலவுகளைத் தள்ளி வையுங்கள்.

கரண்ட் அக்கவுண்டில் ஓடி (ஓவர்டிராஃப்ட்), சிசி (கேஷ் கிரெடிட்) என்று வங்கி கொடுக்கும் கடன் வரம்பு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இன்னும் முக்கியம். இவர்களுக்கு எடுக்க முடிகிற இருப்பு, மொத்த இருப்பைவிட அதிகமாகத் தெரியும். சொந்தப் பணம் 20,000 இருந்து ஓடி வரம்பு ஒரு லட்சம் என்றால், திரை 1,20,000 என்று காட்டும். அதில் லட்சம் ரூபாய் கடன். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி ஓடும். அந்த எண்ணைத் தன் வசதியின் அளவு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குச் செலவு செய்தவர்களை எனக்குத் தெரியும்.

ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் சிசி கணக்கு இன்னும் நுணுக்கமானது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெயர் பெரிது. தொழில் நடப்பது முழுக்கக் கடன் சுழற்சியில். மரவள்ளிக் கிழங்கு வரும் பருவத்தில் வாங்கி அரைத்து வைத்துவிட்டு, விலை பார்த்து விற்பார்கள். வங்கி 50 லட்சம் வரம்பு கொடுத்திருக்கும். ஆனால் எடுக்க முடிவது 50 லட்சம் வரைக்கும் என்று அர்த்தமில்லை. மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டை, அதாவது சரக்கு இருப்புக் கணக்கை வைத்து, எவ்வளவு வரை எடுக்கலாம் என்று டிராயிங் பவர் ஒன்றைக் கணக்கிடுவார்கள். 48 லட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது, கிழங்கு வாங்கிய வகையில் 8 லட்சம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் மீதி 40. அதில் ஆலைக்காரர் தன் கைப்பணத்தில் போட வேண்டிய கால் பங்கு, அதாவது மார்ஜின், போக 30 லட்சம். ஏற்கெனவே 26 எடுத்தாகிவிட்டது என்றால் எடுக்க முடிகிற இருப்பு 4 லட்சம் மட்டுமே. ஸ்டேட்மெண்ட் கொடுக்கத் தாமதமானால் அந்த டிராயிங் பவரையே வங்கி குறைத்துவிடும், சிலசமயம் பூஜ்யமாகவும் ஆக்கிவிடும். ஆலையில் மூட்டை மூட்டையாகச் சரக்கு இருக்கும், வெளியே கிழங்கு லாரி நிற்கும், கணக்கில் ஒன்றும் இருக்காது. ஒரு காகிதம் நேரத்துக்குப் போகாததுதான் காரணம். ஆகவே என்னிடம் வரும் ஆலைக்காரர்களுக்கு மாதம் பிறந்ததும் முதல் வேலையாக இதைத்தான் முடித்துக் கொடுக்கிறேன்.

இனி, செயலிக்குத் தெரியாத பக்கம். நீங்கள் கொடுத்துவிட்டு இன்னும் வங்கிக்கு வராத செக்குகள். செக் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம் வரை உயிரோடு இருக்கும். வாங்கியவர் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்து, இரண்டு மாதம் கழித்து வந்து போடலாம். அதற்குள் அந்தப் பணத்தை எடுக்க முடிகிற இருப்பு என்று நம்பி நீங்கள் வேறு எதற்கோ செலவழித்திருப்பீர்கள். திரும்பினால் அது வெறும் கட்டணத்தோடு முடிகிற விஷயமில்லை. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு இதைக் குற்றமாக வைத்திருக்கிறது. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் நீங்கள் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு போதாமல் ஆட்டோ டெபிட் தவணை திரும்பினாலும் இதே மாதிரி வழக்குப் போட இன்னொரு சட்டத்தில் இடம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

செவ்வாய்ப்பேட்டையின் பழைய வியாபாரிகள் இதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். பேங்க் நோட்டு என்று ஒரு கணக்குப் புத்தகம் தனியாக இருக்கும். செக் கிழிக்கும்போதே அதில் பற்று எழுதி இருப்பைக் குறைத்துவிடுவார்கள். வங்கியில் எப்போது போனாலும் அவர்களுக்குக் கவலையில்லை. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கையும் நோட்டையும் வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். எது வரவில்லை, எது கூடுதலாகப் பிடித்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். இப்போது பல கடைகளில் அந்த நோட்டு இல்லை. ஒவ்வொரு யூபிஐ வரவுக்கும் ஒலிப்பெட்டி சத்தமாகச் சொல்கிறது, நினைத்தபோதெல்லாம் பேலன்ஸ் பார்க்க முடிகிறது, அப்புறம் எதற்கு நோட்டு என்கிறார்கள் இளைஞர்கள். ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 தடவைக்கு மேல் யூபிஐ பேலன்ஸ் பார்க்க முடியாது என்று 2025 ஆகஸ்டில் வரம்பே வைக்க வேண்டிய அளவுக்கு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எத்தனை தடவை பார்த்தாலும் கொடுத்த செக் அதில் தெரியப் போவதில்லை.

அதனால் என்னிடம் கணக்குக் கொடுக்கும் எல்லோரிடமும் நோட்டை மறுபடி எடுக்கச் சொல்கிறேன். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டுப் போதும், போனில் எழுதினாலும் சரி. கொடுத்த செக், அந்த மாதம் போகப் போகிற தவணைகள், இன்னும் பாஸ் ஆகாத வரவு, அவ்வளவுதான். காலையில் கடை திறந்ததும் எடுக்க முடிகிற இருப்பை வங்கியிலிருந்து எடுத்து மேலே எழுதி, கீழே இவற்றைக் கழித்துவிட வேண்டும். பாஸ் ஆகாத வரவைக் கூட்டவே கூடாது. கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் இப்படி எழுத ஆரம்பித்த பிறகு, வெள்ளி வாங்கும் நாளையே மாற்றிக்கொண்டார். முன்பு திங்கட்கிழமை வாங்குவார். இப்போது வாரத்தின் நடுவில், வந்த செக் எல்லாம் பாஸ் ஆன பிறகு. அவருடைய மனைவிதான் நோட்டு எழுதுகிறார். அந்த அம்மாவுக்குக் கணக்கு என்னைவிட வேகமாக வருகிறது.

வங்கிகளிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. எடுக்க முடிகிற இருப்பு ஏன் குறைந்திருக்கிறது என்பது வங்கியின் கணினிக்குத் தெரியும். செக் நிலுவையா, லியனா, எந்த வகை லியன், யார் உத்தரவு, எந்தத் தேதி எல்லாமே அங்கே பதிவாகியிருக்கிறது. கவுண்ட்டரில் இருப்பவர் ஒரு திரையைத் திறந்தால் தெரிந்துவிடுகிறது. அதையே வாடிக்கையாளரின் திரையிலும் இருப்புக்குக் கீழே தமிழில் நாலு வரியாகக் காட்டினால் என்ன? "70,000: செக், இன்று மாலைக்குள் தெரியும். 12,000: நிறுத்தி வைப்பு, காரணம் இது, கேட்க வேண்டிய இடம் இது." இவ்வளவு இருந்தால் ஏற்காட்டிலிருந்து ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு யாரும் பஸ் ஏறி வர வேண்டாம். நான் பார்க்கும் கிளைகளில் எல்லாம் இதை எழுதிக் கொடுத்து வருகிறேன். நீங்களும் உங்கள் கிளையில் எழுதிக் கொடுங்கள். உங்கள் கணக்கில் காரணம் சொல்லாமல் தொகை நின்றிருந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் எதுவும் இல்லை. 14448 என்ற எண்ணில் கூப்பிட்டால் எப்படிப் புகார் போடுவது என்று தமிழிலேயே சொல்வார்கள்.